கொளவாய் ஏரியிலிருந்து எழுந்த வல்லூறு

செங்கற்பட்டுக் கொளவாய் ஏரியின் கரையில் ஒரு போர் வானூர்தித் தொழிற்சாலை இருந்தது என்று என் ஒன்பதாம் அகவை முழுவதும் நான் நம்பிக்கொண்டிருந்தேன். நம்பினேன் என்பதுகூடப் பொருந்தாது; அறிந்திருந்தேன். அதன் கூரை துத்தநாகத் தகட்டால் ஆனது. அங்கே முந்நூற்றுப் பதினொருவர் பணியாற்றினர். நண்பகல் சங்கு ஊதியதும் ஏரிக்கரையில் வரிசையாக அமர்ந்து உணவுண்டனர். உலகப் போர்க் காலத்தில் அவர்கள் செய்த வானூர்திக்கு வல்லூறு என்று பெயர். அதற்கு ஓடுபாதை வேண்டியதில்லை. வயிற்றின்கீழ் இரண்டு மிதவைகளைக் கட்டிக்கொண்டு ஏரி நீரிலிருந்தே எழும். மாமல்லபுரத்துக்கு நேர் கிழக்கே வந்து நின்ற பகைவர் கப்பல்களை ஒன்பது வல்லூறுகள் ஒரே காலைப் பொழுதில் விரட்டியடித்தன. இவை யாவற்றையும் எனக்குச் சொன்னவர் என் தாய்மாமன்.

மாமா அப்போது எங்களோடு புதுப்பட்டினத்தில் இருந்தார். தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. என் தந்தை கல்பாக்கத்து அணுவாற்றல் வளாகத்தில் அலுவலர். மாமாவும் அங்கேயே வரைவாளராகச் சேர்ந்து, தகுதிகாண் பருவத்தின் இறுதியில் இருந்தார். இன்னும் மூன்று திங்கள் கழிந்தால் பணி நிலைப்படும். அதற்குள் மேலிடத்துக்கு ஏதேனும் பிடிக்காமற் போனால் காரணம் சொல்லாமலே வீட்டுக்கு அனுப்பிவிடலாம். அதற்கு முன்பு இரண்டு வேலைகளை அவர் கைவிட்டிருந்தார். ஆகவே அம்மா நாட்காட்டியைக் கிழிக்கும்போதெல்லாம் தம் தம்பியை ஒரு பார்வை பார்ப்பது வழக்கமாயிருந்தது.

அலுவலகத்தில் மாமா வரைந்தவை குழாய்கள். குழாய் வளையும் இடம், குழாயோடு குழாய் சேரும் இடம், திருகு அடைப்பான் அமரும் இடம். எல்லாவற்றையும் வேறொருவர் முன்பே கணித்திருப்பார். பிசகாமல் மையிடுவது ஒன்றே மாமாவின் பணி. மாலையில் வீடு திரும்பி, முகம் கழுவி, அம்மா தரும் தேநீரைக் குடித்த பின்னரே அவர் தம் வானூர்திகளிடம் செல்வார். அவை உலகில் எந்த நாட்டிலும் செய்யப்படாதவை.

ஒவ்வொன்றும் ஏட்டில் ஒரு கேள்வியாகத்தான் பிறக்கும். போர்க் காலத்தில் இந்தக் கரைக்கு வானூர்தி வேண்டும் என்று எவரேனும் எழுதிய மடல் ஒன்று உரியவர் கைக்குப் போய்ச் சேர்ந்திருந்தால்? அந்த ஒன்றை மட்டும் மாற்றிக்கொள்வார். பிறகு எதையும் விருப்பம்போல் மாற்றமாட்டார். அந்தக் காலத்து மரம், அந்தக் காலத்துப் பொறி, அந்தக் காலத்து எடை. இவற்றைக் கொண்டு என்ன செய்திருக்க முடியுமோ அதை மட்டுமே வரைவார். மேலிருந்து ஒரு தோற்றம், பக்கத்திலிருந்து ஒன்று, முன்னிருந்து ஒன்று. அதன்பின் செதுக்கத் தொடங்குவார். உடற்பகுதிக்குக் கட்டுமரம் செய்யும் இடத்தில் கழித்துப்போட்ட மரத்துண்டு. சிறகுக்குச் சட்டைப் பெட்டியின் அட்டை. ஓட்டுநர் தலைக்குமேல் வரும் கண்ணாடிக் கூண்டுக்கு, மாத்திரை எடுத்தபின் அதன் உறையில் எஞ்சும் குமிழ். எல்லாம் எழுபத்திரண்டில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு என்னையும் நான் வகுத்துப் பார்த்திருக்கிறேன்; இரண்டு செண்டிமீட்டர்கூடத் தேறவில்லை.

கீழ்த்தளத்தில் துணிக்கடை வைத்திருந்த வீட்டு உரிமையாளரை நாங்கள் பாய் என்று அழைப்போம். அட்டைகளை அவரே எடுத்து வைத்திருந்து தருவார்.

"இன்னா தம்பி, ஏரோப்ளேன் கம்பெனிக்கு அட்டை சப்ளை நம்மளுதுதானே? நாளைக்கு ஏதாச்சும் வுழுந்து கிழுந்து பூட்டா என் கடை பேரைச் சொல்லிடாத."

"வுழாது பாய்," என்பார் மாமா, சிரிக்காமல்.

ஒரு வானூர்தி வண்ணம் பூசி முடிந்ததும் அதற்கொரு சிற்றேடு எழுதப்படும். எத்தனை செய்யப்பட்டன, யார் ஓட்டினர், எந்தக் குறை கண்டு எதைத் திருத்தினர், எப்போது ஓய்வு பெற்றது என்று ஒரு முழு வாழ்க்கை அதில் இருக்கும். குறைதான் முதன்மை என்பது மாமாவின் கொள்கை. முதலில் செய்த மூன்று வல்லூறுகளுக்கும் வால் ஆடிற்று. அதனால் வாலின்கீழ் இன்னொரு துடுப்புச் சேர்க்கப்பட்டது. என்னை முற்றாக வீழ்த்தியது இந்தச் செய்திதான். பொய் சொல்லப் புகுந்த எவரும் தம் பொய்க்கு வால் ஆடும் நோயைக் கொடுப்பார்களா? நல்ல வாலாகவே வைத்துக்கொள்ள மாட்டார்களா?

ஆயினும் நான் ஆராயாமல் இருந்துவிடவில்லை. வரலாற்றுப் பாடநூலைக் கடைசிப் பக்கம்வரை தேடினேன்; வல்லூறு இல்லை. மாமாவிடம் கேட்டபோது, "பொஸ்தகத்துல எடம் பத்தியிருக்காது, பாப்பா," என்றார். அப்பாவோடு தொடர்வண்டியில் செங்கற்பட்டைக் கடந்தபோது சாளரத்தில் முகத்தைப் பதித்துக்கொண்டு ஏரியைப் பார்த்தேன். நீரும் எருமைகளும் மட்டுமே இருந்தன. அப்பா உறங்கிக்கொண்டிருந்தார். வெகுநேரம் குழம்பியபின் நானே ஒரு முடிவுக்கு வந்து, வீடு திரும்பியதும் மாமாவிடம் சொன்னேன்:

"சண்டை முடிஞ்சதும் பிரிச்சுட்டாங்களா?"

மாமா என்னைச் சற்று நேரம் பார்த்தார். "ஆமா," என்றார். "தகடெல்லாம் ரயில்வேக்குப் பூட்ச்சு." மறுநாள் சிற்றேட்டைத் திறந்து பார்த்தால் அந்தச் செய்தி மையால் எழுதப்பட்டிருந்தது. நான் என் அறிவால் கண்டுபிடித்த ஒன்று ஏட்டிலும் இருந்தது. இதைவிடப் பெரிய சான்று எனக்கு வேண்டியிருக்கவில்லை.

ஆண்டுக்கு ஒருமுறை, பணியாளர்களின் குடும்பத்தாரை வளாகத்துக்குள் பேருந்தில் அழைத்துச் சென்று காட்டுவார்கள். அவ்வாண்டு செல்வோர் பட்டியலில் எங்கள் பெயரும் இருந்தது. வல்லூற்றையும் சிற்றேட்டையும் எடுத்துச் சென்று மாமாவுடைய அலுவலகத்தார்க்குக் காட்டுவது என்று நான் எவரையும் கேட்காமல் தீர்மானித்துக்கொண்டேன். குழாய் மட்டும் வரைபவர் என்று அவர்கள் மாமாவைத் தாழ்வாக எண்ணிவிடலாகாது.

முதல்நாள் மாலை சிற்றேட்டைப் புரட்டியபோது அதில் ஒரு குறை கண்டேன். அலுவலகத் தாள்களை அப்பா ஒருபோதும் வீட்டுக்குக் கொண்டுவந்ததில்லை. ஏன் என்று ஒருமுறை கேட்டதற்கு, "செவப்புல முத்திரை குத்தினது எதுவும் ஆபீஸ வுட்டு வெளிய வராது. அவ்ளோ முக்கியம்," என்று சொல்லியிருந்தார். முக்கியமானவற்றுக்கெல்லாம் சிவப்பு முத்திரை உண்டு. வல்லூற்றின் வரலாற்றுக்கோ அது இல்லை. மாமா மறந்திருக்க வேண்டும். சிவப்பு எழுதுகோலும் அளவுகோலும் எடுத்துக்கொண்டு அமர்ந்தேன். பதினான்கு பக்கங்களிலும் மேற்புறம் ஒரு கட்டம் போட்டு, அதனுள் 'சீக்ரெட்' என்ற சொல்லை ஆங்கிலப் பெரிய எழுத்துகளில், கட்டத்தை விட்டு வெளியேறாமல் எழுதினேன். கைவலித்தது. மனம் நிறைந்திருந்தது.

வாயிலில் பேருந்தை நிறுத்திப் பைகளைச் சோதித்தார்கள். என் பையைத் திறந்த காவலர் எங்கள் பகுதிக்காரர்.

"இன்னா பாப்பா இது? பொம்மையா?"

"பொம்மை இல்ல. வல்லூறு. எழுபத்திரண்டுல ஒரு பங்கு."

அவர் சிரித்துக்கொண்டே சிற்றேட்டைப் பிரித்தார். மூன்று தோற்றங்கள், அளவுகள், துப்பாக்கி பொருத்தும் இடங்கள், மேலே சிவப்புக் கட்டம். அடுத்த பக்கம், அதிலும் சிவப்புக் கட்டம். சிரிப்பு நின்றுவிட்டது.

"அண்ணாத்த, இங்க கொஞ்சம் வா," என்று மற்றொரு காவலரைக் கூப்பிட்டார். அவரும் பார்த்தார். பிறகு பேருந்தை நோக்கி, "யார் வூட்டுப் பொண்ணுங்க இது?" என்று குரல் கொடுத்தார். அப்பா எழுந்தார். மாமாவும் எழுந்தார். அம்மா மட்டும் முன்னிருக்கையின் கம்பியைப் பற்றிக்கொண்டு அமர்ந்தே இருந்தார்.

எங்கள் மூவரையும் வாயிலை ஒட்டிய அறைக்கு அழைத்துச் சென்றார்கள். மேசைக்குப் பின்னால் நரைத்த மீசையோடு ஒரு பாதுகாப்பு அதிகாரி இருந்தார். பேச்சிலிருந்து தென்மாவட்டத்தார் என்று தெரிந்தது. சிற்றேட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை படித்தார். அவ்வளவு பொறுமையாக அதைப் படித்தவரை அதற்கு முன்பு நான் கண்டதில்லை. அவர்மீது எனக்கு மதிப்பு உண்டாயிற்று.

"யாரு வரைஞ்சது?"

"நான்தான் சார்," என்றார் மாமா.

"இந்தச் செவப்பு?"

மாமா அப்போதுதான் அந்தக் கட்டங்களைப் பார்த்தார். அடுத்த பக்கத்தையும் புரட்டிப் பார்த்தார். அவருக்கு உதவ வேண்டியது என் கடமையாயிற்று.

"நான் போட்டேன். முக்கியமான பேப்பர்ல போடணும்ல? மாமா மறந்துட்டாரு."

அதிகாரி அப்பாவைப் பார்த்தார். அப்பா தரையைப் பார்த்தார். அதிகாரியின் மீசை ஒருமுறை அசைந்தது. ஆனால் அவர் சிரிக்கவில்லை. என்னை அருகில் அழைத்தார்.

"ஏரிக்கரையில ஃபேக்டரி இருந்துச்சுன்னு போட்டிருக்கே, இப்ப எங்கம்மா அது?"

"பிரிச்சுட்டாங்க. தகடெல்லாம் ரயில்வேக்குப் பூட்ச்சு."

"எத்தனை பேரு வேலை பாத்தாங்க?"

"முந்நூத்திப் பதினொண்ணு."

"வாலுக்குக் கீழ எதுக்கு இன்னொண்ணு?"

"மொத மூணுக்கும் ஆடிச்சு. அப்புறம்தான் அத வெச்சாங்க."

ஒரு விடைகூடத் தடுமாறவில்லை. நான் எவ்வளவு துல்லியமாகச் சொல்கிறேனோ அவ்வளவுக்கு மாமா உண்மையாளர் என்பது விளங்கிவிடும் என்று எண்ணி, கேளாத செய்திகளையும் சேர்த்துச் சொன்னேன். ஓட்டுநர்களின் பெயர்களைச் சொன்னேன். எரிபொருள் எத்தனை கேலன் கொள்ளும் என்பதைச் சொன்னேன். என் ஒவ்வொரு விடைக்கும் அப்பாவின் கைக்குட்டை முகத்துக்கும் கழுத்துக்குமாகப் போய்வந்தது. அவர் ஏன் பெருமைப்படவில்லை என்று எனக்கு வியப்பாயிருந்தது.

"தம்பி," என்றார் அதிகாரி மாமாவிடம், "ஏட்டுல இருக்கது ஒண்ணு விடாம புள்ளை சொல்லுது. இதெல்லாம் எங்க இருந்து எடுத்தீங்க?"

"எங்கியும் எடுக்கல சார். நானே கட்டினது. எல்லாம் பொய்."

என் காதுகளை நான் நம்பவில்லை. "இல்ல! மாமா பயந்துகினு சொல்றாரு!" என்று கத்தினேன். அப்பா என் தோளைப் பற்றினார்.

அதிகாரிக்கு என்ன புரிந்ததோ, குரல் சற்றுத் தணிந்தது. வாயிலில் பிடிபட்டதைப் பதிவேட்டில் எழுதியாயிற்று. இனி மாமா ஒரு வாக்குமூலம் எழுதிக் கையெழுத்திட்டால் அத்தோடு முடித்துக்கொள்ளலாம் என்றார். அவரே ஒரு தாளை எடுத்து, ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டே ஒவ்வொரு வரியையும் தமிழில் சொல்லி வந்தார். கொளவாய் ஏரிக்கரையில் இப்படி ஒரு தொழிற்சாலை இருந்ததில்லை. "ஆமா சார்," என்றார் மாமா. அதில் எவரும் வேலை பார்த்ததில்லை. "ஆமா சார்." முந்நூற்றுப் பதினொருவரும் உணவுப் பாத்திரங்களோடு ஒரே வரியில் இல்லாமற் போயினர். பகைவர் கப்பல் எதையும் எவரும் விரட்டவில்லை. "ஆமா சார்." ஒவ்வோர் 'ஆமா'வுக்கும் நான் மாமாவின் முகத்தைப் பார்த்தேன். அது சாதாரணமாக இருந்தது. குழாய்க்கு மையிடும் முகம்.

"இப்படி ஒரு விமானம் பறக்கவும் முடியாது, இது வெறும் விளையாட்டுச் சாமான்," என்று கடைசி வரியை எழுதி, அதிகாரி தாளைத் திருப்பி வைத்தார். மாமா எழுதுகோலைக் கையில் எடுத்தார். தாளின் அடிவரை கொண்டுபோனார். அங்கே நின்றுவிட்டார்.

"சார், கடைசி வரி வேணாம்."

"ஏன்?"

"அது பறக்கும் சார்."

அப்பா என் தோளை விட்டுவிட்டார். "டேய், இன்னாடா பேசுற? போட்டுட்டு வாடா."

"மத்ததெல்லாம் பொய்தான் மாமா, நான் ஒத்துக்கினேன்ல? இது பொய் இல்ல. எடை, சிறகு, இஞ்சின் எல்லாம் கணக்குப் போட்டுப் பாத்துட்டேன்." அக்காள் கணவரை மாமா என்று அழைப்பது அவர் வழக்கம்.

"உங்க வேலை நிரந்தரமாக இன்னும் மூணு மாசம் கிடக்கு. இந்தக் கடுதாசி உங்க ஃபைல்லதான் போகும். தெரியும்லா?" என்றார் அதிகாரி.

"தெரியும் சார்."

"அக்காவ நெனச்சுப் பாருடா," என்றார் அப்பா. அவ்வளவு தாழ்ந்த குரலில் அவர் எவரிடமும் பேசி நான் கேட்டதில்லை. மாமா எழுதுகோலை மூடி மேசைமேல் வைத்தார். வெளியே எங்கள் பேருந்தின் ஓட்டுநர் இரண்டுமுறை ஒலிப்பானை அழுத்தினார். அறையில் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தது. எனக்குள் ஒரு பெருமகிழ்ச்சி பொங்கியது. மாமா உண்மைக்குத் திரும்பிவிட்டார் என்று நினைத்தேன்.

அதிகாரி வல்லூற்றைக் கையில் எடுத்தார். கவிழ்த்துப் பார்த்தார்.

"மிதவை தண்ணிய விட்டு எப்படிக் கிளம்பும்? தண்ணி பிடிச்சு இழுக்கும்லா."

"அடியில பாருங்க சார், ஒரு படி வெட்டியிருக்கேன். வேகம் வந்ததும் அந்தப் படிகிட்ட காத்து பூந்துகினு, தண்ணி வுட்ரும்." மாமா மேசையிலிருந்த மையொற்றுத் தாளில் வரையத் தொடங்கினார். ஏரியின் நீளம், எதிர்க்காற்று, ஆழம் குறைந்த கோடைத் திங்கள்களில் என்ன செய்வது என்பது. அதிகாரி குறுக்கே இரண்டு கேள்விகள் கேட்டார். இரண்டாவதற்கு மாமா தாளின் ஓரத்தில் ஒரு கணக்குப் போட்டுப் பார்த்து, "அது கஷ்டந்தான் சார். முழு எடையில வெயில் காலத்துல எழும்பாது," என்று ஒப்புக்கொண்டார்.

அதிகாரி மிதவையின் அடியிலிருந்த படியை நகத்தால் ஒருமுறை தடவினார். ஓர் அளவுகோலை எடுத்துக் கடைசி வரியின்மேல் நேராகக் கோடிழுத்தார். ஓரத்தில் தம் சுருக்கொப்பமிட்டார். மாமா எழுதுகோலைத் திறந்து கையெழுத்திட்டார்.

வல்லூறு என் பைக்குத் திரும்பியது. சிற்றேடு திரும்பவில்லை. சிவப்பில் அச்சொல்லைத் தாங்கிய எந்தத் தாளும் வெளியே செல்ல விதியில்லை என்றும், எழுதியது ஒன்பது அகவைக் குழந்தையேயானாலும் விதி விதியே என்றும் சொல்லி, அதிகாரி அதை இரும்பு அலமாரியில் வைத்துப் பூட்டினார். "போங்க தம்பி, போய் வேலையப் பாருங்க," என்றார். வேலை என்ற சொல் கேட்டதும் அப்பா சுவரில் சாய்ந்து மூச்சு விட்டார்.

அன்று வளாகத்தில் எங்களுக்கு என்ன காட்டினார்கள் என்பது நினைவில் இல்லை. திரும்பும் பேருந்தில் அம்மா மாமாவுடன் பேசவில்லை. அப்பா அம்மாவுடன் பேசவில்லை. நான் மாமாவின் அருகில் போய் அமர்ந்தேன்.

"பொய்னு நீங்க சொன்னத நான் நம்பல மாமா."

"பொய்தான் பாப்பா. எல்லாமே பொய்தான். நான் உங்கிட்ட மொதல்லயே சொல்லியிருக்கணும்."

"ஏரி?"

"ஏரி கீது. ஃபேக்டரி இல்ல."

"வல்லூறு?"

"இல்ல."

"அப்ப அது பறக்கும்னு ஏன் சொன்னீங்க?"

"பறக்கும்," என்றார். வேலை போய்விடும் என்று அஞ்சி அத்தனையையும் பொய் என்று ஒப்புக்கொண்டவர், வேலை போனாலும் போகட்டும் என்று அந்த ஒன்றை மட்டும் ஏன் பிடித்துக்கொண்டார்? இல்லாத ஒன்றைப் பற்றி இவ்வளவு பிடிவாதம் எதற்கு? சாளரத்தின் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்த அவர் முகத்தில், வேலை தப்பியவனின் ஆறுதலைவிட வேறேதோ இருந்தது. அதற்கு எனக்குப் பெயர் தெரியவில்லை.

மறுநாள் பள்ளியில், வளாகத்தில் கண்டதை வகுப்பின்முன் சொல்லும்படி ஆசிரியை பணித்தார். நான் எழுந்து நின்று, வல்லூறு என்றொரு வானூர்தி எந்நாளும் இருந்ததில்லை என்றும், அது கொளவாய் ஏரியிலிருந்து மிக நன்றாகப் பறக்கும், ஆனால் வெயில் காலத்தில் முழு எடையோடு எழும்பாது என்றும் சொன்னேன். வகுப்பு முழுவதும் சிரித்தது; ஆசிரியையும் சிரித்தார். அவர்கள் சிரித்து முடிக்கும்வரை நான் நின்றுகொண்டே இருந்தேன். நான் சொன்னவற்றுள் எதற்காகச் சிரிக்கிறார்கள் என்பது எனக்கு விளங்கவில்லை.